நாலு சக்கரமும் இழுக்கும், நிற்குமா?

உங்கள் பெண்ணோ, பிள்ளையோ, நாத்தனார் மகளோ கனடாவிலோ அமெரிக்காவிலோ குடித்தனம் நடத்துகிறார்களா? அப்படியானால், முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் டெலிபோனில் இந்தச் செய்தி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "அம்மா, புதுக் கார் வாங்கியிருக்கோம். ஆல் வீல் டிரைவ்! இனிமேல் பனியைப் பற்றிக் கவலையே இல்லை!" நீங்களும் "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்திருப்பீர்கள்.

தேங்காய் உடைத்தது நல்லதுதான். ஆனால், "கவலையே இல்லை" என்று சொன்னாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அதே வார்த்தையை அட்சரம் பிசகாமல் சொன்ன என் பெரியம்மா மகள் ஓட்டிய காரில், அவளுக்குப் பக்கத்து ஆசனத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு வீடு டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில். தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் படித்துக்கொண்டே தெருவில் போகலாம். ஆனால் நான் போயிருந்த சமயம் தெருவே தெரியவில்லை. 2025 பிப்ரவரி அது. ஒரு பனிப் புயலின் சுவடு மறைவதற்குள் அடுத்த புயல் என்று கொட்டித் தீர்த்தது. வாசலில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளைப் போர்வை போர்த்திய யானைக் குட்டிகள் மாதிரி இருந்தன.

சாமான் வாங்கப் புறப்பட்டோம். எதிர் வீட்டுக்காரர் தம் காரைக் கிளப்பப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். முன் சக்கரம் இரண்டும் 'விர்ர்' என்று இருந்த இடத்திலேயே சுற்றின. கார் ஓர் அங்குலம் நகரவில்லை. அக்கா மெல்ல அழுத்தினாள். எங்கள் கார் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி பனியைக் கிழித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் எத்தனை பெருமை!

"பார்த்தாயாடி? நாலு சக்கரமும் இழுக்கிற கார்! பனிக்காலத்துக்கென்று தனி டயர் வாங்கு, வாங்கு என்று உன் அத்தான் ஒரே தொணதொணப்பு. இதற்கு எதற்கு இன்னொரு டயர்?"

பத்தே நிமிஷம். ஒரு சரிவான தெரு, அதன் அடியில் ஒரு நாற்சந்தி. சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா வழக்கமாக மிதிக்கும் இடத்தில் பிரேக்கை மிதித்தாள். காலடியில் 'டகடகடக' என்று ஏதோ உதைத்தது. கார் உடைந்தேவிட்டது என்று நினைத்து, பயத்தில் காலை எடுத்துவிட்டாள். மறுபடி மிதித்தாள். மறுபடி அந்த 'டகடக'. வேகம் குறையவில்லை. கார் சத்தமே இல்லாமல், யாரோ தள்ளிவிட்ட ஊஞ்சல் மாதிரி, விளக்கைத் தாண்டிச் சந்தியின் நடுவுக்குப் போய் நின்றது. குறுக்கே வந்த பஸ்ஸின் டிரைவர் தூரத்திலேயே எங்களைப் பார்த்து நிதானித்துவிட்டார். அவர் மகராஜனாக இருக்கட்டும். பின் ஆசனத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அக்கா மட்டும் வீடு திரும்பும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு அத்தானும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், அவ்வளவுதான்.

பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஊர்ப் பனியில் டாக்ஸி ஓட்டியவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக வந்து கதவைத் தட்டினார். தமக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தாரிடம் அனுமதி கேட்டு வைத்திருந்தார். அந்த மண்டபத்தின் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனார். கார்கள் நிறுத்தும் இடம். அன்று ஒரு காரும் இல்லை, விளக்குக் கம்பங்கள்கூட ஓரத்தில்தான் இருந்தன. முதலில் அக்காவைப் பார்த்து அவர் சொன்னதை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"பிள்ளை, வடிவாக் கேளுங்கோ. உங்கட காருக்கு நாலு சில்லும் இழுக்கும். மற்றவையின்ர காருக்கு ரெண்டு சில்லுதான் இழுக்கும். சரிதானே? ஆனா நிப்பாட்டுறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லும்தான். அதில உங்களுக்கு ஒரு சதமும் கூடக் கிடைக்காது."

சில்லு என்றால் சக்கரம். எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்! சாதாரணக் கார்களில் எஞ்சினின் வலு முன் சக்கரம் இரண்டுக்கோ, பின் சக்கரம் இரண்டுக்கோதான் போகிறது. வழுக்கலில் அந்த இரண்டும் பிடிப்பை இழந்தால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆல் வீல் டிரைவ் காரில் வலு நாலுக்கும் பங்காகிறது. ஒன்று வழுக்கினால் மற்றவை இழுத்துவிடும். ஆகவே புறப்படுவதற்கும் மேடு ஏறுவதற்கும் அதைப் போல வேறில்லை. ஆனால் பிரேக் என்பது எஞ்சின் சமாசாரமே இல்லை. எந்தக் காரானாலும் பிரேக் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. நிற்க வேண்டிய சமயத்தில், விலை உயர்ந்த ஆல் வீல் காரும் எதிர் வீட்டுக்காரரின் பழைய காரும் ஒரே ஜாதிதான். சொல்லப்போனால், புதுக் கார் கொஞ்சம் கனம் அதிகம்.

இன்னொரு விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் புத்தியில் உறைத்தது. எதிர் வீட்டுக் காரின் சக்கரம் வாசலிலேயே 'விர்ர்' என்று சுற்றிற்றே, அது அவருக்குக் கிடைத்த எச்சரிக்கை. "ஐயா, இன்று தெரு மோசம், பார்த்துப் போ" என்று கார் கத்திச் சொல்கிறது. அவர் வாசலிலிருந்தே ஊர்ந்துதான் போவார். அக்காவின் காரோ வாயைத் திறக்கவே இல்லை. வழுக்கல் இருப்பதே தெரியாமல் அவளை ஐம்பது கிலோ மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. தெரு எப்படி இருக்கிறது என்று முதல் முதலாக அவளுக்குத் தெரிந்தது, சிவப்பு விளக்குக்கு முன்னால் காலை வைத்தபோது! சௌகரியமே சில சமயம் இப்படிக் காலை வாரிவிடுகிறது.

அதற்குப் பெரியவர் ஒரு யுக்தி சொல்லிக் கொடுத்தார். வீட்டை விட்டுப் புறப்பட்டதும், தெருவில் முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, இருபது கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு தரம் பிரேக்கை மிதித்துப் பார்ப்பது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று துளித் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. கார் சொல்லாததை இப்படிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பிடிக்காதவர்கள்கூட இந்த ஒரு கணக்கைக் கேட்டுவிடுங்கள். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் சுமார் 15 மீட்டரில் நின்றுவிடும். அமுங்கிக் கிடக்கும் பனியில் அதே காருக்கு 50 மீட்டர் வேண்டும். பளிங்கு மாதிரி உறைந்த பனிக்கட்டியில் சுமார் 100 மீட்டர்! கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேர்த்தி இல்லை. ஆனால் நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தூரம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. 25 கிலோ மீட்டரில் போனால் அந்தப் பனிக்கட்டியிலும் 25 மீட்டரில் நிற்கலாம். இந்தச் சலுகை, சாதாரணக் கார், ஆல் வீல் கார் என்று பார்ப்பதில்லை.

மைதானத்தில் அக்காவை முதலில் வேகமாகப் போகச் சொல்லி, "இப்ப பிரேக்கை நல்லா மிதியுங்கோ!" என்றார் பெரியவர். மறுபடி அந்த 'டகடகடக'. "காலை எடுக்காதேங்கோ, எடுக்காதேங்கோ!" என்று கத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தபடியே இருந்தாள். கார் நேராகப் போய், ஒரு பக்கமும் திரும்பாமல் நின்றது. அந்தச் சத்தம் ஏ.பி.எஸ். என்னும் சாதனத்தின் வேலை. சக்கரம் அடியோடு பூட்டிக்கொண்டு வழுக்காதபடி, பிரேக்கை ஒரு விநாடிக்குள் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. காலில் உதைத்தால் காரில் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது நமக்காக உழைக்கிறது என்று அர்த்தம். பழைய கார்களில் பிரேக்கை நாமே விட்டுவிட்டு மிதிக்க வேண்டும் என்று அப்பா, சித்தப்பா சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்தக் கார்களில் அது கூடாது. முதல் நாள் அக்கா பயந்து காலை எடுத்தாளே, அந்த ஒரு விநாடிதான் எங்களைச் சந்தியின் நடுவுக்குக் கொண்டுபோயிற்று.

பிறகு வளைவு. மைதானத்தின் மூலையில் பிரேக்கும் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கையும் திருப்பினாள். கார் இவள் சொன்னதைக் கேட்காமல் நேரே போயிற்று. ஏன்? இதை நான் என் பாணியில் சொல்கிறேன். டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது நம் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த நாலு உள்ளங்கைப் பிடிப்பு நம் வீட்டு மாதச் சம்பளம் மாதிரி. வேகம் எடுப்பது, பிரேக் போடுவது, திரும்புவது எல்லாச் செலவும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் ஆக வேண்டும். காய்ந்த ரோட்டில் சம்பளம் தாராளம், எதையும் செய்யலாம். பனியில் சம்பளத்தில் முக்கால்வாசி பிடித்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாடகைக்கே கொடுத்துவிட்டால் பால்காரருக்கு என்ன மிஞ்சும்? ஆகவே முதலில், நேராகப் போகும்போதே பிரேக். வேகம் அடங்கின பிறகு, காலை எடுத்துவிட்டுத் திருப்பம். வளைவு முடிந்து நிமிர்ந்த பிறகு மெல்ல அழுத்தம். ஒரு சமயத்தில் ஒரு செலவு.

பின்பக்கம் சறுக்கி இழுத்தால்? "போக வேணும் எண்ட இடத்தைப் பாருங்கோ. மோதப் போற மரத்தைப் பாராதேங்கோ" என்றார். கண் போகும் பக்கம் கை போகும். அழுத்துவதை மெல்ல விட்டு, போக வேண்டிய திசையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வெடுக்கென்று எதையும் செய்யக் கூடாது. இக்காலத்துக் கார்களில், சறுக்கலைத் தானே கண்டுபிடித்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்துக் காரை நிமிர்த்தும் சாதனமும் இருக்கிறது. 2011 செப்டம்பர் முதல் கனடாவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். உயிர் காக்கும் சாதனம்தான். ஆனால் அதுவும் அந்த நாலு உள்ளங்கைப் பிடிப்பை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தாக வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் அக்கா முகத்தில் இரத்தம் வந்துவிட்டது. எனக்கும் ஓட்டிப் பார்க்க ஆசைதான். யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பெரியவர் இறங்கி, டயரைக் காலால் தட்டினார். "இது எல்லாக் காலத்துக்கும் எண்டு விக்கிற டயர். கோடையில நல்லாய்த்தான் இருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தானின் தொணதொணப்பில் நியாயம் இருந்தது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் போகிறது, குளிர்பெட்டியில் வைத்த வெண்ணெய் மாதிரி. பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருந்து தரையைப் பற்றுகிறது. அதன் மேல் இருக்கும் நுணுக்கமான கீறல்கள் பனியைக் கவ்வுகின்றன. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில், மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'செலவு குறையட்டும்' என்று இரண்டு மட்டும் மாற்றுவது விபரீதம். முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கலுமாக, வளைவில் காரின் வால் சுழன்றுவிடும். மேலும், ஆல் வீல் காரில் நாலு டயரும் ஒரே அளவாக, ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலுவைப் பங்கிடும் உறுப்புகளே பழுதாகும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையில் பனிக்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் மாட்டியிருப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தொகையில் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி இருக்கிறது. கேட்டு வாங்காதவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. என் அக்கா கேட்கவில்லை!

டயர் விஷயத்தில் ஒரு பெண்மணியின் நினைவு வருகிறது. 1980-இல் ஜெனீவா கார்க் கண்காட்சியில் ஆடி நிறுவனம் 'குவாட்ரோ' என்ற காரைக் காட்டியது. நாலு சக்கர இழுவை என்பது ஜீப்புக்கும் லாரிக்கும்தான் என்று நினைத்திருந்த கார்ப் பந்தய உலகத்தை அது கலக்கிவிட்டது. அந்தக் காரை ஓட்டி 1981-இல் இத்தாலியின் சான் ரெமோ ராலியில் வென்றவர், மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுப் பெண். உலக ராலிப் போட்டிகளில் ஒன்றில் முதலாவதாக வந்த முதல் பெண்மணி அவரே. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவரும் பெண்தான், ஃபாப்ரிஸியா போன்ஸ். "பொம்பிளை ஓட்டுற கார்" என்று யாராவது உங்களிடம் இளக்காரமாகப் பேசினால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த ராலிக்காரர்கள் எத்தனை உயர்ந்த கார் வைத்திருந்தாலும், அடுத்த கட்டத்துப் பாதை மண்ணா, தாரா, பனியா என்று பார்த்து டயரை மாற்றிக்கொண்டுதான் புறப்படுவார்கள்.

கனடா வேண்டாம், நம் தேசத்திலேயே மணாலிக்குப் பனி பார்க்கப் போகிறீர்களா? 2020-இல் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் கூட்டம் குறையவில்லை. பனி விழுந்தால், நாலு சக்கர இழுவை உள்ள வண்டிகளையும் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிகளையும் மட்டுமே மேலே போக விடுவது அங்கே வழக்கம். "ஃபோர் பை ஃபோர் சார், பயமில்லை" என்று வாடகைக் கார்க்காரர் சொல்லுவார். ஏறும்போது அது முழு உண்மை. திரும்பி இறங்கும்போது? அப்போது அவர் சிறிய கியரில் வைத்து, எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்குகிறாரா, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விடுகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், கூச்சப்படாமல் "மெல்லப் போப்பா" என்று சொல்லுங்கள். காசு கொடுப்பது நாம்தானே!

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் டெலிபோனில் சொல்ல இன்னும் சில. கண்ணுக்குத் தெரியும் பனியைவிட, தெரியாத பனிக்கட்டிதான் பொல்லாதது. ரோடு வெறுமனே ஈரமாக இருக்கிற மாதிரிதான் தோன்றும். பாலங்களுக்கு அடியிலும் குளிர் காற்று வீசுவதால் அவைதான் முதலில் உறையும். ரோட்டில் உப்புப் போட்டிருக்கிறார்களே என்று நம்பியும் இருந்துவிட முடியாது. குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பின் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். கார் தானே ஒரே வேகத்தில் ஓடும்படி வைக்கும் 'குரூஸ்' பொத்தானை வழுக்கலில் தொடவே கூடாது. பாட்டரியில் ஓடும் புதுக் கார்களில், காலை எடுத்தாலே கார் தானாக இழுத்துப் பிடிக்கும். பனியில் அந்தப் பிடிப்பைக் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருந்தால் குறைப்பது நல்லது. டயரில் காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும், குளிர் ஐந்தாறு டிகிரி கூடினால் காற்று ஒரு பவுண்டு இறங்கிவிடும்.

காரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய மண்வெட்டி, கம்பளி, டார்ச், தண்ணீர், சக்கரத்தடியில் தூவ ஒரு பை மணல், கொஞ்சம் முறுக்கோ பிஸ்கோத்தோ. எங்காவது பனியில் மாட்டிக்கொண்டு, குளிருக்காக எஞ்சினை ஓட விட்டு உட்கார நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக் குழாயைச் சுற்றியுள்ள பனியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அது அடைபட்டால் நச்சுப் புகை உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து, மணிக்குப் பத்து நிமிஷம் எஞ்சின் ஓடினால் போதும். இதை மட்டும் எழுதியே அனுப்பிவிடுங்கள்.

ஊர் திரும்பி மாதங்கள் ஓடிவிட்டன. நவம்பர் மாதம் ஒரு நாள் அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் காமிராவைக் காரின் சக்கரத்துக்கு நேரே காட்டினாள். மலையும் பனிப்பூவும் பளிச்சென்று தெரிந்தன.

"இன்னும் ஒரு பொட்டுப் பனி விழவில்லை. அதற்குள் மாற்றியாயிற்று. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் கடிதம் போட்டாயிற்று, போதுமா?" என்றாள்.

"அத்தான் என்ன சொன்னார்?"

"அவர் என்ன சொல்வார்? பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடு என்றார். மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டாள்.